லேப்டாப்பை மாத்தறதுக்கு முன்னாடி சேனல் நம்பரைப் பாருங்க

வைஃபை லிஸ்ட் வர லேட்டானா உடனே லேப்டாப்பைத் திட்டறது நம்ம ஊர் வழக்கம். செவ்வாய்ப்பேட்டையில மிளகாய் மண்டி வெச்சிருக்கற எங்க மாமா ஒரு படி மேல. புதுசே வாங்கிடலாம்னு கிளம்பிட்டார்.

"மாப்ளே, பக்கத்துக் கடைக்காரன் வைஃபை எல்லாம் வரிசையா காட்டுது, நம்மளுது கடைசியா வருது. பெங்களூர் லாரி வாசல்ல நிக்குது, இ-வே பில் எப்பப் போடறது?"

நியாயமான கடுப்புதாங்க. 2018 ஏப்ரல்லேர்ந்து 50,000 ரூபாய்க்கு மேல சரக்கு மாநிலம் தாண்டணும்னா அந்தச் சீட்டு வேணும். லீ பஜார் பக்கம் லாரி நின்னா, பின்னாடி வர்றவன் ஹாரன்லயே கொன்னுடுவான்.

மேட்டர் என்னன்னா, லேப்டாப் எல்லா சேனலையும் ஒரே நேரத்துல கேட்காது. பழைய ரேடியோ முள்ளைத் திருப்பற மாதிரி ஒவ்வொண்ணா போய்க் காது குடுக்கும். ரவுட்டர் நொடிக்குச் சுமார் 10 தடவை "இங்க இருக்கேன்"னு குரல் குடுக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல 13 சேனல்தான். அங்க லேப்டாப்பே "யாராச்சும் இருக்கீங்களா?"ன்னு கூப்பிட்டு சட்டுனு பதில் வாங்கிக்கும். 5 கிகாஹெர்ட்ஸ்ல 20க்கு மேல சேனல். அதுல 52லேர்ந்து 140 வரைக்கும் ரேடாரும் புழங்கற இடம். அங்க லேப்டாப் முதல்ல வாயைத் திறக்கக் கூடாது, ரவுட்டர் பேசற வரைக்கும் சும்மா காத்திருக்கணும். ஒரு சேனலுக்கு 100 மில்லிநொடிக்கு மேல. இரும்பு ஷட்டர், மூட்டை அடுக்கு எல்லாம் தாண்டி வர்ற அந்தக் குரல் தவறிப்போச்சா, அடுத்த சுத்துதான். பேட்டரியை மிச்சம் பிடிக்கற மோடுல அந்தச் சுத்தும் லேட்டாதான் வரும்.

மாமா ரவுட்டர்ல பார்த்தா சேனல் 100. ஆட்டோமேடிக்கா அதுவே போய் உக்காந்திருக்கு! 2018 அக்டோபர்ல லைசென்ஸ் வேணாம்னு திறந்துவிட்ட பகுதியில வர்றது அது. கூட்டம் கம்மி, வேகம் நல்லா இருக்கும். ஆனா கரண்ட் போய் வந்தா, ரேடார் இருக்கான்னு ரவுட்டர் 60 நொடி கம்முனு கேட்டுட்டுத்தான் பேசவே ஆரம்பிக்கும். லேப்டாப் பேட்டரியில முழிச்சுக்கிட்டே இருக்கும், தேடும், கிடைக்காது. பழி மட்டும் அதுக்கு :-)

36க்கு மாத்திவிட்டேன். இப்ப லேப்டாப்பைத் திறந்ததும் மூணு நாலு நொடியில வந்துடுது. மாமா மிச்சமான காசுல ரவுட்டருக்கு ஒரு குட்டி யூபிஎஸ் வாங்கிட்டார். உங்க வீட்லயும் இதே கதைன்னா 36லேர்ந்து 48க்குள்ள ஒண்ணு வெச்சுப் பாருங்க. அப்பவும் லேட்டானா, டிரைவர் பழசா இருக்கான்னு பாக்கணும். அது வேற பஞ்சாயத்து.