இரண்டு பந்திகளுக்கு நடுவே

சொகுசுக் கப்பலில் என் அண்ணன் பாத்திரம் துலக்குகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆளான நான் பி.எஸ்ஸி. படிப்பது அந்தச் சம்பளத்தில்தான்.

முன்பெல்லாம் பயணக் கப்பல்களில் இரவு உணவு பெரும்பாலும் இரண்டு பந்தி. குறித்த நேரம், குறித்த மேஜை. 2000இல் நார்வீஜியன் குரூஸ் லைன் அதைத் தளர்த்தி, விரும்பிய நேரத்தில், விரும்பிய உணவகத்தில் உண்ணலாம் என்றது. பல கப்பல்கள் அதைப் பின்பற்றின. சில உணவகங்களுக்குத் தனிக் கட்டணம். (சுதந்திரத்திற்கும் விலை உண்டு போலும்!)

"பழைய கப்பலில் இரண்டு பந்திக்கும் நடுவே உட்கார்ந்து சாப்பிடுவேன். இப்போதைய கப்பலில் தட்டு வருவது நிற்பதே இல்லையடா" என்றார் அண்ணன்.

இம்முறை விடுமுறையில் வந்தவருக்கு அம்மா இலை போட்டார். அண்ணன் சோற்றைத் தட்டில் வாங்கி, நின்றபடியே உண்டு முடித்தார்.