டோலுக்கு மேடை, பறைக்குச் சாவு வீடு

2025 மார்ச் 21ஆம் தேதி 'நியூ டெல்லி' என்றொரு இசைத்தொகுப்பு வெளிவந்தது. தில்லியைச் சேர்ந்த பிளட்டிவுட் குழுவினுடையது. 2016இல் சினிமாப் பாட்டுகளைக் கிண்டல் பண்ணித் தொடங்கியவர்கள். 2022இல் 'ரக்ஷக்' என்ற முதல் தொகுப்பைத் தாங்களே போட்டார்கள். இதை வெளியிட்டதோ அமெரிக்காவின் ஃபியர்லஸ் ரெக்கார்ட்ஸ். கான்கார்ட் என்கிற பெரிய இசை முதலாளிக்குச் சொந்தமான கம்பெனி.

கொல்லிமலையில், செம்மேட்டில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி உனக்கென்ன பேச்சு என்று தோழர்கள் கேட்கலாம். கேட்கக் கொடுத்தவன் என் அண்ணன் மகன். மலையடிவாரத்துச் சேரியில் அண்ணன் பறையடிக்கிறவர். அப்பன் பறையோடு நிற்கிற தெருவில் பையன் நடக்கமாட்டான். லீவுக்கு எழுபது வளைவு ஏறி வந்தவன் செல்போனை நீட்டினான். "சித்தப்பா, இதக் கேளுங்க. நம்ம அடி மாதிரியே இருக்குது."

கேட்டேன். கிட்டார் அடித்தொண்டையில் உறுமுகிறது. ஒருவர் கத்துகிறார், இன்னொருவர் ராப் சொல்லிக்கொண்டு போகிறார், எல்லாவற்றுக்கும் அடியில் பஞ்சாபி டோல் இடிக்கிறது. நியூ மெட்டல் என்கிறார்கள். 1994இல் கோர்ன் குழுவின் முதல் தொகுப்போடு கலிபோர்னியாவில் கிளம்பிய இசை. 2000இல் லிங்கின் பார்க்கின் 'ஹைபிரிட் தியரி'யை வார்னர் கம்பெனி போட்டுக் கோடிக்கணக்கில் விற்றது. இதிலுள்ள ராப் எங்கேயிருந்து வந்தது? 1970களில் நியூயார்க்கின் பிராங்ஸ் தெருக்களில் கறுப்பர்களும் லத்தீன் இளைஞர்களும் உண்டாக்கியது. நியூ மெட்டல் மேடையில் நின்றதோ பெரும்பாலும் வெள்ளைப் பையன்கள்.

டோலுக்கும் ஒரு சாதிக் கதை உண்டு. பஞ்சாபில் டோல் அடிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களில் பாஜிகர் போன்ற பட்டியல் சாதியினர் இருக்கிறார்கள். இந்தக் குழுவை நான் குறை சொல்லவில்லை. பெண்கள்மீதான வன்முறைக்கு எதிராக 'தனா தன்' என்று ஆவேசமாகப் பாடியவர்கள். 2019இல் ஜெர்மனியின் வாக்கன் விழாவில் டோலை முன்னால் நிறுத்தி ஆயிரக்கணக்கான வெள்ளைக்காரர்களை ஆடவைத்தார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் வாத்தியம் கடல் தாண்டினால் அடிக்கிற சாதியும் கூடவே தாண்டிவிடுமா?

அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "அடி நல்லாத்தான் இருக்குது. அடிக்கிறவனுக்கு என்ன குடுப்பாங்க?" என்றார். அவருக்குச் சாவு வீட்டில் கிடைப்பது கொஞ்சம் பணம், ஒரு குவார்ட்டர், வாசலுக்கு வெளியே சாப்பாடு. வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சி, சிம்புக்குச்சியும் அடிக்குச்சியும் பிடித்து இரண்டு நாள் அடித்தால் கையில் ரத்தம் கட்டிவிடும். எந்தக் கம்பெனியும் அதைப் பதிவு பண்ணிக்கொண்டு போனதில்லை. போனால் கையெழுத்து யாரிடம் வாங்குவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

'நியூ டெல்லி'யில் 'தட்கா' என்றொரு பாட்டு. தாளிப்பு என்று அர்த்தம், இந்தியச் சாப்பாட்டின் பெருமை. கேட்கும்போது எனக்கு வேறொரு குழு ஞாபகம் வந்தது. 2018 ஜனவரி 6ஆம் தேதி சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறிய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ். பா. ரஞ்சித்தின் நீலமும் டென்மாவும் சேர்த்த 19 பேர். கானாவும் ராப்பும் ராக் இசையும் ஒன்றாக இறங்கின. பெயரே அயோத்திதாசர் சொன்ன சாதியற்றவர் என்பதிலிருந்து எடுத்தது. இடஒதுக்கீட்டைப் பாடினார்கள், மாட்டுக்கறியைப் பாடினார்கள். யார் அடுப்பு, யார் சட்டி என்று அங்கே தெரிந்தது. தாளிக்கிற வாசம் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே மாதிரி வருவதில்லையே.

பையன் படிக்கிற கல்லூரியில் போன வருஷம் கலைவிழா. மேடையில் டிரம் செட் இருந்தது, எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தது. கூடப் படிக்கிறவர்கள் நாலு பேர் பறைக்குப் பெயர் கொடுத்தார்கள். "அது சாவு மேளம், மங்களமா எதாச்சும் பண்ணுங்க" என்று பொறுப்பாசிரியர் அடித்துவிட்டார். அன்றைக்கு இவன் பெயர் கொடுக்கவில்லை. லீவு முடிந்து மலையிறங்கிய பிறகு அப்பனிடம் அடி கேட்டிருக்கிறான். அண்ணன் முதலில் திட்டினாராம். "இந்தக் கருமம் என்னோட போகட்டும், நீ படிடா." பிறகு குச்சியைக் கையில் கொடுத்திருக்கிறார். இந்த வருஷக் கலைவிழாவுக்கு ஐந்து பேராகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். கல்லூரி இன்னும் பதில் சொல்லவில்லை.