பட்டி ரெட்போவின் சங்கீதம்

அமெரிக்காவின் தெற்கு டக்கோட்டா மாநிலத்தில், பைன் ரிட்ஜ் என்னும் லக்கோட்டா மக்களின் ஒதுக்கு நிலத்தைச் சேர்ந்தவரும், கித்தார் ஏந்திப் பாடும் கன்ட்ரி இசையைத் தம் முன்னோரின் கானத்தோடு கலந்து பாடியவருமான பட்டி ரெட்போவின் பாடல்களைச் சில நாட்களாக விடாமல் கேட்டு வருகிறேன்.

லக்கோட்டா சங்கீதத்தில், ஒரே பெரிய முரசைச் சுற்றிப் பலர் வட்டமாக அமர்ந்து ஒருமித்து அடிக்க, ஒருவர் உச்ச ஸ்தாயியில் எடுத்துக் கொடுக்கும் அடியை மற்றவர்கள் வாங்கிப் பாட, சுருதி படிப்படியாகக் கீழே இறங்கி வரும்; சொல்லே இல்லாமல் வெறும் அசைகளாலான பகுதிகளும் அதில் உண்டு. தனி மனிதனின் ஏக்கத்தையே ஆதாரமாகக் கொண்ட கன்ட்ரி இசை இதற்கு முற்றிலும் அந்நியமானது என்றே முதலில் தோன்றும்; ஆயினும் குதிரையும் புல்வெளியும் பிரிந்த ஊரின் நினைவும் இரண்டுக்கும் பொதுவானவை அல்லவா?

1983-இல் வெளிவந்த 'ஜர்னி டு தி ஸ்பிரிட் வேர்ல்ட்' தொகுப்புக்குப் பின் வந்த 'பிளாக் ஹில்ஸ் டிரீமர்' தொகுப்பைக் கேட்பவர்கள், தலைப்பில் வரும் பிளாக் ஹில்ஸ் மலைகளின் சரித்திரத்தையும் அறிந்துகொள்ள வேண்டும். 1868-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் லக்கோட்டா மக்களுக்கென்று உறுதி செய்யப்பட்டு, தங்கம் கண்டுபிடிக்கப்பட்ட பின் 1877-இல் அபகரிக்கப்பட்ட அம்மலைகளுக்காக, 1980-இல் உச்ச நீதிமன்றம் நஷ்டஈடு வழங்கத் தீர்ப்பளித்தும், நிலமே வேண்டுமென்று அந்த ஜனங்கள் இன்றுவரை பணத்தைத் தொடவில்லை.

ஐம்பது வயதைக்கூட எட்டாமல் 1993-இல் ரெட்போ காலமானார். என் மதிப்பில் அவர் ஒரு மகா கலைஞர். நண்பர்களே, அவசியம் கேளுங்கள்.