லாம்பேர் கொடுத்த சிவப்பு மஃப்ளர்

டார்ஜிலிங்,
நவம்பர்.

அன்புள்ள கோமதி,

எவரெஸ்டில் முதலில் ஏறியவர்கள் யார் என்று ஆண்டுதோறும் உன் வகுப்பில் ஒரு மதிப்பெண்ணுக்குக் கேட்பாயே, அந்த இருவரில் ஒருவர் வாழ்ந்து மறைந்த ஊரிலிருந்து எழுதுகிறேன். ஹிலாரி, டென்சிங் என்று நாம் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். இங்கே வந்தபின் டென்சிங் நார்கேயை அந்த ஒரு நாளோடு நிறுத்திவிட எனக்கு மனம் வரவில்லை.

அவர் பிறந்தது 1914-இல். பெற்றோர் யாக் மேய்த்தவர்கள். பதின்மூன்று பிள்ளைகளில் பதினோராவது. முதலில் வைத்த பெயர் நாம்கியால் வாங்டி. ரோங்புக் மடத்துத் தலைமை லாமாதான் டென்சிங் நார்கே என்று மாற்றச் சொன்னார். நேபாளத்தின் தாமே கிராமத்தில் வளர்ந்தார். வெள்ளைக்காரர்கள் மலையேற ஆள் எடுக்கும் ஊர் டார்ஜிலிங் என்று கேள்விப்பட்டு, 1932 இறுதியில் வீட்டைவிட்டுக் கிளம்பி இங்கே வந்துவிட்டார். துங் சுங் பஸ்தியில் ஷெர்ப்பாக்கள் கூடி வாழ்ந்தார்கள். அவரும் அங்கேதான் இருந்தார். அடுத்த ஆண்டு எவரெஸ்ட் குழு வந்தபோது அவரை எடுக்கவில்லை. 1935-இல் வந்த குழுவின் தலைவர் எரிக் ஷிப்டன் எடுத்தார். பழைய குழு எதுவும் கொடுத்த சான்றிதழ் கையில் இல்லை. அந்தப் பையனின் சிரிப்பைப் பார்த்தே தேர்ந்ததாக ஷிப்டன் பின்னாளில் எழுதினார். கூலி நாளுக்கு 12 அணா. பனிக்கோட்டுக்கு மேலே சுமை கொண்டு போனால் ஒரு ரூபாய்.

அங்கிருந்து 1953 வரை பதினெட்டு ஆண்டுகள். 1936, 1938, 1947 என்று திரும்பத் திரும்ப எவரெஸ்டுக்குப் போனார். மற்ற ஷெர்ப்பாக்களுக்கு மலை ஒரு பிழைப்பு. அதில் தவறே இல்லை, அவர்கள் வீட்டில் அடுப்பெரிந்தது அதனால்தான். டென்சிங்குக்குப் பிழைப்போடு இன்னொன்றும் இருந்தது. உச்சிக்குத் தானே போக வேண்டும் என்ற ஆசை. சுமை தூக்குகிறவனுக்கு அப்படி ஓர் ஆசை இருக்கும் என்று அந்தக் காலத்தில் அதிகம் பேர் நினைத்துப் பார்த்ததில்லை.

நினைத்துப் பார்த்தவர்கள் ஸ்விட்சர்லாந்துக்காரர்கள். 1952 வசந்தத்தில் வந்த அவர்கள் குழுவில் டென்சிங் ஷெர்ப்பாக்களின் தலைவரான சர்தார் மட்டுமல்ல, ஏறும் உறுப்பினரும்கூட. அவரோடு கயிற்றில் கட்டிக்கொண்டு ஏறியவர் ரேமோன் லாம்பேர். பல ஆண்டுகளுக்கு முன் ஆல்ப்ஸில் குளிர்காலப் புயலில் சிக்கிக் கால் விரல்கள் எல்லாவற்றையும் இழந்து, அதற்கென்று தைத்த குட்டைப் பூட்ஸ் போட்டு மலையேறிய மனிதர் அவர். டென்சிங்குக்குப் பிரெஞ்சு தெரியாது, லாம்பேருக்கு நேபாளி தெரியாது. சைகையும் கொஞ்சம் ஆங்கிலமும்தான்.

மே 27 இரவை இருவரும் 8,400 மீட்டர் உயரத்தில் ஒரு சிறு கூடாரத்தில் கழித்தார்கள். உறங்கும் பை இல்லை. ஸ்டவ் இல்லை. காலி டப்பாவில் பனிக்கட்டியைப் போட்டு மெழுகுவர்த்திச் சுடரில் உருக்கி, கிடைத்த ஒரு வாய்த் தண்ணீரைக் குடித்தார்கள். உறைந்து போகாமலிருக்க ஒருவரை ஒருவர் தேய்த்துவிட்டார்கள், தட்டிக்கொடுத்தார்கள். விடிந்ததும் ஏறினார்கள். அவர்கள் அசையாமல் நின்றால்தான் பிராணவாயுக் கருவி வேலை செய்யும். நடந்தால் அதில் மூச்சு இழுக்க முடியாது. மணிக்கணக்கில் போராடி ஏறத்தாழ 8,595 மீட்டர் வரை போய்த் திரும்பினார்கள். கோமதி, இந்த விடுதி ஜன்னலிலிருந்து காஞ்சன்ஜங்கா முழுதாகத் தெரிகிறது. அதன் உயரம் 8,586 மீட்டர். அவர்கள் தோற்றுத் திரும்பிய இடம் ஏறத்தாழ அந்த உச்சியின் உயரம். இதை யோசித்துக்கொண்டே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டே இலையுதிர்காலத்தில் மீண்டும் போனார்கள். அதுவும் கைகூடவில்லை. டென்சிங் மலேரியாவோடு இறங்கினார். உடம்பு மிகவும் இளைத்துவிட்டது. அடுத்து வந்த பிரிட்டிஷ் குழு அவரை ஏறும் உறுப்பினராகவே அழைத்தது. மனைவி ஆங் லாமு வேண்டாம் என்று தடுத்தும் போனார். அவருக்கு மரியாதை கிடைத்தது, ஆனால் அவர் அழைத்து வந்த ஷெர்ப்பாக்களுக்குக் காட்மாண்டுவில் பிரிட்டிஷ் தூதரகம் கொடுத்தது கழிப்பறைகூட இல்லாத வண்டிக்கொட்டகை. மறுநாள் காலை அவர்கள் கொட்டகை வாசலிலேயே சிறுநீர் கழித்துத் தங்கள் கோபத்தைக் காட்டினார்கள். அந்தக் குழுவுக்கும் தம் ஆட்களுக்கும் நடுவே நின்று பயணம் கலையாமல் காத்தவர் டென்சிங். உச்சியில் ஏறியதற்கு எந்த விதத்திலும் குறையாத வேலை இது என்பேன்.

1953 மே 29, காலை 11.30. ஹிலாரியும் டென்சிங்கும் உச்சியில். டென்சிங்கின் கழுத்தில் லாம்பேர் கொடுத்த சிவப்பு மஃப்ளர். பனிக்கோடாரியில் ஐ.நா., பிரிட்டன், நேபாளம், இந்தியா நான்கின் கொடிகள். இந்தியக் கொடி இந்த ஊர் நண்பர் ரவீந்திரநாத் மித்ரா கொடுத்தனுப்பியது. மகள் நீமா கொடுத்த பென்சிலையும் கொஞ்சம் இனிப்பையும் பனியில் புதைத்தார். கால் மணி நேரம் இருந்துவிட்டு இறங்கினார்கள்.

கீழே வந்ததும் முதலில் கால் வைத்தது யார் என்று கேட்டு ஆளாளுக்கு இழுத்தார்கள். அவரை நேபாளியா இந்தியரா என்றும் பிய்த்தெடுத்தார்கள். டென்சிங்தான் ஹிலாரியைக் கைபிடித்துத் தூக்கிவிட்டார் என்று காட்மாண்டுவில் படம் எழுதி வைத்து வரவேற்றார்கள். அதை மறுக்காமல் இருந்திருந்தாலே போதும், கூட்டம் அவரைக் கொண்டாடிக்கொண்டே இருந்திருக்கும். இருவரும் ஏறத்தாழ ஒன்றாகவே சேர்ந்தோம் என்று அப்போது அறிக்கை வெளியிட்டார்கள். 1955-இல் வந்த தன் வரலாற்றில், ஹிலாரி முதலில் ஏறினார், நான் அவர் பின்னால் ஏறினேன் என்று டென்சிங்கே சொல்லிவிட்டார். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். சொல்லச் சொல்ல ஜேம்ஸ் ராம்சே உல்மன் எழுதினார். டென்சிங்கிடம் எனக்கு மிகப் பிடித்தது இந்த நேர்மைதான். பிரிட்டன் ஹிலாரிக்கும் குழுத் தலைவர் ஹன்டுக்கும் சர் பட்டம் தந்தது, டென்சிங்குக்கு ஜார்ஜ் பதக்கம். அந்த வேறுபாடு எனக்கு இன்றும் உறுத்துகிறது.

இன்று உயிரியல் பூங்கா வழியாக நடந்து ஹிமாலய மலையேற்றப் பயிற்சி நிறுவனத்துக்குப் போனேன். 1954 நவம்பர் 4 அன்று நேருவின் முனைப்பில் தொடங்கியது. நரேந்திர தர் ஜயால் முதல் முதல்வர். களப் பயிற்சியின் முதல் இயக்குநர் டென்சிங். அதற்காக அவரும் இன்னும் சில ஷெர்ப்பாக்களும் ஸ்விட்சர்லாந்து போய்ப் பயின்று வந்தார்கள். 1976 வரை இங்கே கற்றுக்கொடுத்தார். 12 அணாவுக்குச் சுமை தூக்க எடுக்கப்பட்டவர், சுமை தூக்கியே பழகிய ஓர் இனத்து ஆட்களை ஆசிரியர்களாக நிற்க வைத்தார். அவருடைய சகோதரியின் மகன் நவாங் கோம்பு இங்கே பயிற்றுநராக இருந்தவர். 1963-இலும் 1965-இலும் எவரெஸ்ட் ஏறி, இருமுறை ஏறிய முதல் மனிதரானார். 1986 மே 9 அன்று காலமான டென்சிங்கை இந்த வளாகத்திலேயே தகனம் செய்தார்கள். சிலையும் அருகிலேயே இருக்கிறது.

இந்த ஆண்டு அந்தக் கேள்வியைக் கேட்கும்போது மெழுகுவர்த்தியில் பனி உருக்கிய இரவையும் பிள்ளைகளுக்குச் சொல்லு. வரைபடத்தில் தாமேயைத் தேடச் சொல்; சுலபத்தில் அகப்படாது, நாம்ச்சே பஜாருக்கு மேற்கே பார்க்கச் சொல்லு.

அன்புடன்,
சாரதா