பொறுக்கக் கூடாத தலைவலி

வலியைப் பொறுப்பதே பெருமை என்று வளர்க்கப்பட்டவன் நான். என் சின்ன வயதில் எங்கள் ஊர் ஏலாக்குறிச்சியில் பெண்கள் தலைவலிக்கென்று படுத்ததை நான் பார்த்ததில்லை. சுக்கை உரசிப் பற்றுப் போட்டு, துணியால் நெற்றியை இறுகக் கட்டிக்கொண்டு நடவுக்குப் போவார்கள். அந்தப் பொறுமைதான் எங்களை ஆளாக்கியது. ஆனால் அது ஒருநாள் எங்கள் கையைக் கட்டிப்போட்டதும் உண்டு.

1974. அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்த அத்தை, சட்டென்று கைப்பிடியை விட்டுப் பிடரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "உலக்கையால போட்ட மாதிரி இருக்குடா" என்றார். இரண்டு முறை வாந்தி. பித்தம் என்றார்கள், கஷாயம் கொடுத்தார்கள். மாலையில் எழுந்து சோறு வடித்தார், எல்லோருக்கும் நிம்மதி. விடியுமுன் மறுபடியும் அதே அடி. பிறகு எழவில்லை. தலையில் ஒரு கீறல்கூட இல்லாததால் யார் கண்ணோ பட்டுவிட்டது என்று ஊர் பேசியது.

பல ஆண்டு கழித்து ஒரு மருத்துவர் எனக்கு விளக்கினார். மூளையின் மேலே மெல்லிய உறைகள். அவற்றின் நடுவே நீர். அதனூடே ரத்தக் குழாய்கள். குழாய் கிளைபிரியும் இடத்தில் சுவர் நைந்து, சைக்கிள் டியூப் புடைப்பதுபோல் புடைத்து, சத்தமில்லாமல் இருந்து ஒருநாள் வெடிக்கும். அடிபடாமல் அங்கே கசியும் ரத்தத்தில் 100-க்குச் சுமார் 85 இப்படித்தான். ஏறத்தாழ 10 பேருக்குப் புடைப்பே அகப்படாது. மூளைத்தண்டின் முன்னால் கொஞ்சம் கசிந்து நின்றுவிடும், பெரும்பாலும் நன்றாகத் தேறிவிடுவார்கள். சுவரை நையவைப்பவை உயர் ரத்த அழுத்தம், பீடி சிகரெட், மிதமிஞ்சிய குடி. சில குடும்பங்களில் வழிவழியாகவும் வரும். வெடித்த இடத்தை ரத்தக்கட்டி தற்காலிகமாக அடைக்கும். அது மறுபடி திறந்துகொள்ளும் ஆபத்து முதல் 24 மணி நேரத்தில்தான் மிக அதிகம்.

அத்தை சோறு வடித்தது அந்த 24 மணி நேரத்துக்குள். இதைக் கேட்ட இரவு நான் உறங்கவில்லை. அன்று ஸ்கேன் என்ற சொல்லே எங்கள் ஊருக்கு வரவில்லை. தூக்கிக்கொண்டு ஓடியிருந்தாலும் பிழைத்திருப்பார் என்று சொல்ல முடியாது. இன்றைக்கும் புடைப்பு வெடித்தவர்களில் மூன்றில் ஒருவர்போல் இறந்துவிடுகிறார்கள். ஆனாலும் நாங்கள் ஓடவில்லையே.

என் தம்பி மகன் கொத்தனார். நாற்பது வயதில், சிமெண்டு மூட்டையைத் தூக்கும்போது அவனுக்கும் அதே உலக்கையடி. "கொஞ்சம் படுத்தா சரியாயிடும்" என்றான். அவன் மனைவி கேட்கவில்லை. 108 ஆம்புலன்ஸை அழைத்தாள். திருமானூர் பாலம் தாண்டித் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தபோது மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை. முதல் ஆறு மணி நேரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் இந்த ரத்தம் தப்புவது மிக அரிது. தொடை வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பிளாட்டினச் சுருளால் புடைப்பை அடைத்தார்கள். மண்டையைத் திறந்து கிளிப் போடும் முறை 1937-இலேயே வந்துவிட்டது; சிலருக்கு இன்றும் அதுவே ஏற்றது.

அதன்பிறகு தொடங்கியது பொறுமையின் வேலை. கசிந்த ரத்தம் அடுத்த இரண்டு வாரத்துக்குள் மற்றக் குழாய்களையும் சுருங்கவைத்து மூளையைப் பட்டினி போடக்கூடும். அதைத் தடுக்க நான்கு மணி நேரத்துக்கொரு மாத்திரை, 21 நாள், நள்ளிரவிலும் எழுப்பிக் கொடுத்தாள் அவன் மனைவி. வீடு திரும்பியும் ஒரு வருடம் அவன் பாதி ஆள். சின்னச் சத்தத்துக்கும் எரிந்து விழுவான். பத்து நிமிடம் பேசினால் களைத்துவிடுவான். காலையில் சொன்னது மாலையில் நினைவிராது. "சோம்பேறி ஆயிட்டான்" என்றார்கள் சிலர். காலும் கையும் நன்றாயிருப்பவனின் காயம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பீடியை அன்றே விட்டான். இப்போது அடைக்கல மாதா கோயில் தெருவில் ஒரு வீட்டுச் சுவர் எழுப்புகிறான். தூக்குக்குண்டைப் பிடித்த கை அசைவதில்லை. ஆனால் கலவைக் கணக்கு மட்டும் அடிக்கடி மறந்துபோகும். அப்போது சட்டைப் பையிலிருந்து நாள்காட்டித் தாள் ஒன்றை எடுத்துப் பிரிப்பான். அவன் மனைவி காலையில் எழுதிக் கொடுத்தது. படித்துவிட்டு, நான்காக மடித்து, மறுபடி பையில் வைத்துக்கொள்வான்.