கங்கணம் காணச் சென்ற கூட்டம்

மைசூர், 24 டிசம்பர் 2019

தசராவுக்கு வரும் ஜனசமுத்திரத்தை ஆண்டுதோறும் வரவேற்று, பத்து நாள் வைத்துப் பராமரித்து, முகம் சுளியாமல் வழியனுப்பிப் பழகிய இந்நகரம், நாளை மறுநாள் நிகழவிருக்கும் கங்கண (வளைய) சூரிய கிரஹணத்தின் பாதையில் வட விளிம்பை ஒட்டியே இருக்கிறது. நடுக்கோடோ குடகின் தென்கோடியிலுள்ள குட்டா என்னும் சிற்றூரின் அருகே செல்கிறது. ஆகவே கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அரண்மனை பார்க்க வந்தவர்களிலும் ஒரு பகுதியினர் அங்கே புறப்படச் சித்தமாயிருக்கிறார்கள். தசராவுக்காக மைசூர் மாதக்கணக்கில் ஆயத்தமாகிறது; அதே ஆயத்தத்தைக் குட்டாவிடம் எவரும் கேட்டதில்லை, கேட்பதும் நியாயமில்லை.

குட்டா, 25 டிசம்பர்

நாகரஹொளே வனப்பாதை இரவில் அடைக்கப்படுமாதலால், ஹுணசூர், கோணிகொப்பல் வழியாகப் பகலிலேயே வந்து சேர்ந்தேன். காப்பிப் பழம் பறிக்கும் பருவம். தோட்டங்களுக்கு நடுவே ஒரு கடைத்தெரு, சில தங்கும் விடுதிகள், அப்பால் கேரள எல்லை. அறை யாவும் நிரம்பிவிட்டதென்று சொன்ன விடுதிக்காரர், "நாளைக்குக் காலையிலே டிபன் கிடையாதுங்க, கிரஹணம் விட்டுக் குளிச்ச பிறகுதான் அடுப்பு" என்று முன்கூட்டியே எச்சரித்தார்.

குட்டா, 26 டிசம்பர், மார்கழி அமாவாசை

சிற்றூர்களின் உண்மையான சங்கடம் இன்றுதான் எனக்கு விளங்கிற்று. ஊர் வழக்கப்படி அடுப்பணைத்து, கோயில் நடை சாத்தி, கர்ப்பிணிகளை வீட்டினுள் இருத்தும் அந்த மூன்று மணி நேரத்திலேதான், விடியுமுன் வெறும் வயிற்றுடன் வண்டியேறி வந்தவர்கள் காப்பியும் இட்டிலியும் கழிப்பறையும் தேடி அலைகிறார்கள். ஊராரை மூடநம்பிக்கைக்காரர் என்று வந்தவர்கள் முணுமுணுப்பதும், அடக்கமில்லாதவர் என்று ஊரார் வந்தவர்களை எண்ணுவதும் காதில் விழுந்தன. இரு சாராரிடமும் எனக்குக் கோபமில்லை. பட்டினி கிடப்பதால் கிரஹணத்துக்கு ஆவதொன்றுமில்லை என்பது என் கட்சி. ஆயினும் அழைக்காமல் வந்த விருந்தாளி அடுப்பை மூட்டச் சொல்லி அதிகாரம் செய்வது எந்த சாஸ்திரத்திலும் சேராது.

கைமனி மைதானத்தில் ஒன்பதரை மணிக்குச் சற்று முன்னே வளையம் பூரணமாயிற்று. ஏறத்தாழ மூன்று நிமிஷம். தகுந்த கண்ணாடி கொண்டு வந்தவர்கள், அது இல்லாத தோட்டத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்கு மாற்றி மாற்றிக் கொடுத்தது இன்றைய நாளின் சிறந்த காரியம். வளையம் கலைந்ததும், இன்னும் ஒன்றரை மணி நேரம் கிரஹணம் பாக்கியிருக்க, அத்தனை வண்டிகளும் ஒரே சமயத்தில் ஒரே சாலைக்குத் திரும்பின. வருகை இரண்டு நாளாகப் பரவியிருந்தது. போக்கோ சில நிமிஷங்களுக்குள் நடக்கவேண்டும் என்று அனைவரும் விரும்பினர்!

மைசூர், 27 டிசம்பர்

குட்டாவின் நெரிசல் வேறெங்கும் நேராததன்று. அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் மெட்ராஸ் என்றே பெயர் கொண்ட ஊர் ஒன்று உண்டு. சுமார் ஏழாயிரம் பேர் வாழும் அவ்வூர், 2017 ஆகஸ்ட் 21 அன்றைய பூரண கிரஹணத்துக்கு லக்ஷம் பேரை எதிர்பார்த்து, வயல்களைக் கூடார வாடகைக்கு விட்டு, தற்காலிகக் கழிப்பறைகளையும் தருவித்து வைத்தது. அப்படியும் கிரஹணம் முடிந்தபின் சாலைகள் மணிக்கணக்கில் அடைபட்டன. கிரஹணம் காண வெளியூரார் வருவது இங்கும் புதிதன்று; 1871 டிசம்பர் 12 பூரண கிரஹணத்துக்கு, குட்டாவுக்கு மேற்கே கடற்கரையிலுள்ள பேக்கல் கோட்டையில் வானியலாளர் நார்மன் லாக்யர் தம் கருவிகளை நிறுவினார். அன்று வந்தவர்கள் விஞ்ஞானிகள். இன்று வருபவர்கள் நாம் எல்லோரும்.

வெள்ளமும் புயலும் சில நாட்களுக்கு முன்னரே தெரியவருகின்றன. கிரஹணக் கூட்டமோ நிமிஷக் கணக்கோடு பல ஆண்டுகளுக்கு முன்பே அறிவிக்கப்படுவது. 2031 மே 21 அன்று தென்னிந்தியாவின் அடுத்த கங்கணம் கேரளத்தின் வழியே மதுரைச் சீமைக்கு வருகிறது. அப்பாதையிலுள்ள பஞ்சாயத்துகள் குடிநீர், கழிப்பறை, வண்டி நிறுத்துமிடம் ஆகிய மூன்றை மட்டுமாவது இப்போதே திட்டத்தில் சேர்க்கட்டும். காணச் செல்லும் நாமும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டே புறப்படுவோம்.