தட்டு, அட்டை, ஏணி

விளாத்திகுளத்துப் பக்கம், கம்பும் உளுந்தும் மிளகாயும் விளைகிற கரிசக்காட்டு ஊர் எங்களுடையது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இரண்டு அறை, தலைமையாசிரியரையும் சேர்த்து இரண்டு ஆசிரியர்கள். 2008 ஜூனில் ஒன்றாம் வகுப்பு என்று சொல்லி என்னைக் கொண்டுபோய் விட்ட அறையில், ஒன்று முதல் நான்கு வரை அத்தனை பிள்ளைகளும் கலந்து கிடந்தார்கள். ஆறு கோரைப்பாய்கள், பாய்க்கு ஒரு வட்டம். டீச்சருடைய நாற்காலி மூலையில் சும்மா கிடக்கும். அதன்மேல் சாக்பீஸ் டப்பாவும் பதிவேடும் உட்கார்ந்திருக்க, டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு எங்களோடு பாயில் சம்மணமிட்டிருப்பார்.

வந்ததும் முதல் வேலை, வருகையை நாமே பதிவது. எழுதத் தெரியாத காலத்தில் என் பெயருக்கு நேரே ஒரு குறி போட்டேன். பெயர் எது என்று பக்கத்தில் நின்ற மூன்றாம் வகுப்பு அக்கா காட்டிக்கொடுத்தாள். அடுத்தது ஆரோக்கியச் சக்கரம்: பல் விளக்கினாயா, நகம் வெட்டினாயா, தலை வாரினாயா. இதில் பொய் சொல்ல முடியாது, பக்கத்தில் இருப்பவன் விரலைப் பிடித்துப் பார்த்துவிடுவான். பிறகு காலநிலை அட்டை. வெயில், மேகம், மழை என்று படம் போட்டிருக்கும். எங்கள் ஊரில் ஐப்பசி பிறக்கும்வரை அந்த முள் வெயிலை விட்டு நகர்ந்ததில்லை. ஆனாலும் அதைத் திருப்ப தினமும் அடிதடி.

சுவரோரம் இரும்பு அலமாரி. அதில் வரிசையாக பிளாஸ்டிக் தட்டுகள், தட்டு நிறைய அட்டைகள். ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் ஒரு சின்னப் படமும் ஓர் எண்ணும் இருக்கும். சுவரில் ஏணி மாட்டியிருக்கும். ஏணி என்றால் நீளமான விளக்கப்படம்; பாடத்துக்கு ஒன்று. எந்த அட்டைக்குப் பின் எந்த அட்டை என்பதைப் படிப்படியாக அதில் வரைந்திருப்பார்கள். நேற்று எங்கே விட்டோம் என்று ஏணியில் விரல் வைத்துப் பார்க்க வேண்டும், அதற்கு மேலே உள்ள படத்தைத் தட்டில் தேடி எடுக்க வேண்டும், அந்த அட்டை எந்தக் குழுவுக்கு உரியதோ அந்தப் பாயில் போய் உட்கார வேண்டும். எழுத்தே தெரியாத ஆறு வயதுப் பிள்ளை இதையெல்லாம் யாரும் சொல்லாமல் செய்யும். முயலைத் தேடு, முயலுக்குக் கீழே நான்கைத் தேடு, அவ்வளவுதான்.

பாய்களுக்குள்ளும் ஒரு கணக்கு உண்டு. புதிதாக ஒன்றை அறிமுகப்படுத்தும் அட்டை கிடைத்தால் டீச்சர் இருக்கும் பாய். கொஞ்சம் பிடிபட்டதும் டீச்சர் அவ்வப்போது எட்டிப்பார்க்கும் பாய். பிறகு கூடப்படிக்கும் பிள்ளையின் உதவியோடு செய்கிற பாய்கள். கடைசியில் தனியாக உட்கார்ந்து செய்வது, அதன் பிறகு மதிப்பீட்டு அட்டை. மதிப்பீட்டில் தடுமாறினால் குறைதீர் அட்டை ஒன்று வரும். அதைச் செய்துவிட்டு மறுபடி மதிப்பீடு. டக்கென்று முடித்தவனுக்குக் கூடுதலாகச் செறிவூட்டல் அட்டை. இத்தனையும் நடந்துகொண்டிருக்கும்போது டீச்சரின் கையில் அடைவு அட்டவணை இருக்கும். யார் எந்தப் படி என்று அதில் குறித்துக்கொண்டே போவார். பரீட்சை என்று ஒன்று நடந்ததாக எனக்கு நினைவில்லை. நடந்தது, ஆனால் ஆளுக்கொரு நாளில், ஆளுக்கொரு கேள்வியோடு நடந்தது. அதனால் அதைப் பரீட்சை என்று நாங்கள் கண்டுகொள்ளவில்லை.

வீட்டில் பெரிய சிக்கல், தாத்தா. அவர் மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகிய ஆள். நான் முதலில் எழுதிக் காட்டியது ட, ப, ம. கோடு இழுத்தால் வந்துவிடுகிற எழுத்துகளை முதலில் கொடுத்து, அவற்றைச் சேர்த்து உடனே படம், பட்டம், மடம் என்று படிக்க வைப்பது அட்டைகளின் ஏற்பாடு. தாத்தாவுக்கு அகரம் இல்லாத படிப்பு அடுக்கவில்லை. "புத்தகத்தை எடு, பாப்போம்" என்பார். அரசு கொடுத்த புத்தகம் வீட்டு டிரங்குப் பெட்டியில் அட்டை கசங்காமல் இருந்தது; பள்ளிக்கூடத்தில் அதைத் திறக்க வேலையே வராது. மடத்துத் திண்ணையில் அவருடைய கூட்டாளிகள் வேறு ஏற்றிவிட்டார்கள், பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துச் சீட்டு விளையாடச் சொல்லித்தருகிறார்கள் என்று. தாத்தா ஒருநாள் நேரே பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார்.

"என்னம்மா டீச்சர், அட்டையைக் கலைச்சுப் போட்டு எடுக்காங்களே, இது என்ன படிப்பு?"

டீச்சர் எழுந்து நின்றார், பிறகு அவரையும் பாயில் உட்காரச் சொன்னார். "தாத்தா, உங்க பேத்தி இன்னைக்குச் செய்யுற அட்டையை நீங்க செஞ்சு பாருங்க." மணி கோப்பது, பத்துப்பத்தாகப் பிரிப்பது என்று ஏதோ ஒரு கணக்கு அட்டை. தாத்தா மணிகளைத் தொடாமல் மனக்கணக்கில் சொல்லிவிட்டார். "அதான் எனக்குத் தெரியுமே." "உங்களுக்குத் தெரியும். அவளுக்கு மணி வேணும்," என்றார் டீச்சர். தாத்தா திருப்தியோடு திரும்பினார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் திண்ணையில் சீட்டுப் பேச்சு நின்றது.

என் அத்தை மகன் மூன்றாம் வகுப்பு. மாமா கரிமூட்டம் போடுகிறவர். வேலிக்கருவைக் காடு எங்கே ஏலத்துக்கு வருகிறதோ அங்கே குடும்பத்தோடு போய்க் குடிசை போட்டுத் தங்க வேண்டும். வெட்டி, அடுக்கி, மண் மூடி, கரியாகும்வரை காத்துக் கிடக்க வேண்டும். அவனும் போய்விடுவான், வாரக்கணக்கில். எனக்கு முன்னால் படித்த பிள்ளைகளில் இப்படிப் போய்வந்தவர்கள் யாரும் ஐந்தைத் தாண்டவில்லை. திரும்பி வரும்போது பாடம் எட்டாத தூரம் போயிருக்கும், கடைசி வரிசையில் உட்கார்ந்து முழிப்பார்கள், அடுத்த தடவை காட்டுக்குப் போனவர்கள் அங்கேயே நின்றுகொள்வார்கள். அத்தை மகன் திரும்பி வந்தால் கரி படிந்த நகத்தோடு நேராக ஏணிக்குப் போவான். விட்ட படி அங்கேயே இருக்கும். தட்டிலிருந்து அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் வந்து உட்காருவான். பல நாள் அது நான் இருக்கும் பாயாக இருந்தது. ஒன்றாம் வகுப்பும் மூன்றாம் வகுப்பும் ஒரே கழித்தல் கணக்கில். அவனுக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை. ஆரோக்கியச் சக்கரத்தில் நகத்துக்கு என்ன போடுவது என்பதில்தான் எங்களுக்குள் சண்டை.

பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக்குப் படித்தபோதுதான் இந்த ஏணி எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரிந்தது. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷி வேலி. அங்கே சுற்றியுள்ள கிராமங்களில் ஓரறைப் பள்ளிகளை நடத்த, பத்மநாப ராவ், ரமா என்ற தம்பதி அட்டைகளாலான பாடமுறை ஒன்றை உருவாக்கினார்கள். ஒரே ஆசிரியர், பல வயதுப் பிள்ளைகள், அடிக்கடி ஆடு மேய்க்கப் போய்விடும் பிள்ளைகள்: அந்த நிலைமைக்கென்று செய்தது. சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பார்த்துவரச் செய்தார். 2003-இல் சில மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் இந்த முறை தொடங்கியது. பிறகு அவரே அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநராக வந்தார். 2007-08-இல் தமிழகத்தின் 37,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கும் தட்டும் அட்டையும் போய்ச் சேர்ந்தன. ஒவ்வொரு வகுப்பிலும் பிள்ளைக்கு என்னென்ன திறன் வர வேண்டும் என்று முதலில் பட்டியலிட்டு, ஒவ்வொரு திறனையும் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, படிக்கு ஓர் அட்டை எழுதினார்கள். எழுதியவர்களில் வகுப்பறை ஆசிரியர்களே நிறையப் பேர். அதனால்தான் பிள்ளை எங்கே இடறும் என்பது அந்த அட்டைகளுக்குத் தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. ஏழாம் எண் அட்டை எலி தின்று போனால் ஆறிலிருந்து எட்டுக்குத் தாவ வேண்டியதுதான். தனியாகச் செய்யும் பாயில் சிலர் நாள் முழுக்க ஓர் அட்டையை வைத்துக்கொண்டு ஓணான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சரின் கண் ஆறு பாயிலும் இருக்க முடியுமா? கதை கேட்பது குறைந்துபோனது எனக்கு இன்றும் வருத்தம். ஆளுக்கொரு படியில் இருப்பவர்களுக்கு ஒரே கதையை எப்போது சொல்வது? இதையெல்லாம் வைத்து ஆசிரியர்களில் ஒரு பகுதியினர் இந்த முறையை எதிர்த்ததில் நியாயமும் உண்டு. ஆனால் சத்தத்தைக் காரணம் காட்டியவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. எங்கள் அறை சந்தைபோல இரைந்தது, வாஸ்தவம். அந்தச் சத்தத்தில் பாதி, ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் சத்தம்.

2011-இல் நான் நான்காம் வகுப்பு. பொதுப் பாடத்திட்டமான சமச்சீர் கல்வி குறித்த வழக்கு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. ஜூன், ஜூலை முழுக்கப் பெரிய பள்ளிகளில் பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் விளையாடிக்கொண்டும் படம் வரைந்துகொண்டும் இருந்தார்கள். ஆகஸ்ட் 9-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்த பிறகுதான் புத்தகங்கள் கட்டுப் பிரிந்தன. உயர்நிலைப் பள்ளியில் படித்த என் அண்ணன் தினமும் வந்து, "இன்னைக்கும் ஒண்ணும் நடக்கல" என்று சந்தோஷமாகச் சொல்வான். எங்கள் அறையில் எதுவும் நிற்கவில்லை. டிரங்குப் பெட்டியில் புத்தகம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

ஐந்தாம் வகுப்பில் பக்கத்து அறைக்குப் போனேன். அங்கே தட்டு இல்லை. அந்த 2012-13-இல்தான் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. பருவத்துக்கு ஒரு மெல்லிய புத்தகம். செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் 40, பருவத் தேர்வுக்கு 60. மதிப்பெண்ணைத் தரமாக மாற்றி ஏ1, ஏ2, பி1 என்று போடுவார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் எல்லோரும் ஒரே நாளில், ஒரே பக்கத்தில் இருந்தோம். மழைக்காலம் முடிந்து அத்தை வீட்டார் கரிமூட்டத்துக்குப் போனபோது அத்தை மகன் மட்டும் போகவில்லை. அப்போது அவன் ஏழாம் வகுப்பு. எங்கள் வீட்டில் தங்கி அண்ணனோடு சைக்கிளில் போய்வந்தான்.

முதல் பருவ அறிக்கை அட்டையை தாத்தாவிடம் கையெழுத்துக்குக் கொடுத்தேன். இத்தனை வருடத்தில் அவருக்குப் புரிகிற மாதிரி ஒரு காகிதம் பள்ளியிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏ ரெண்டுன்னு போட்டிருக்கே. நீ ரெண்டாவதா?"

"இல்ல தாத்தா. ஏ ஒண்ணு வாங்கினவங்களுக்கு அடுத்தது."

"ஏ ஒண்ணு எத்தனை பேரு?"

"மூணு பேரு," என்றேன். கேட்பதற்கு முன்பே எண்ணி வைத்திருந்தேன்.